இருமலும் இழுப்பும்: நீலப் பம்ப் மட்டும் போதுமா?

ஒக்டோபர் மாதம் பிறந்து வீட்டு வெப்பமூட்டிகள் இயங்கத் தொடங்கியதும், புலம்பெயர்ந்த எம்மவர் வீடுகளில் இன்னோர் ஓசையும் கூடவே தொடங்கிவிடுகின்றது. இரவு இரண்டு, மூன்று மணியளவில் எழும் வறட்டு இருமலே அது. "தடிமன் பிடித்தது, இன்னும் மாறவில்லை" என்று இரண்டு மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருப்போர் பலர். "இந்த நாட்டுக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை" என்பது மற்றொரு சமாதானம். கொத்தமல்லிக் குடிநீரும், பனங்கற்கண்டும், மார்பிலே பூசும் தைலமும் முறைக்கு முறை வந்து போகின்றன. இருமல் மட்டும் போவதில்லை.

இவ்வாறான இருமல்களில் ஒரு பகுதி வெறும் தடிமன் அன்று. எமது ஊர்களில் தொய்வு என்றும், முட்டு என்றும், இழுப்பு என்றும் அழைக்கப்படும் ஆஸ்துமாவின் முதல் அறிகுறியாக இருமல் அமையலாம். சிலருக்கு அதுவே ஒரேயோர் அறிகுறி. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் 26 கோடியே 20 இலட்சம் பேர் இந்நோயால் பாதிக்கப்பட்டிருந்தனர். 4 இலட்சத்து 55 ஆயிரம் பேர் இறந்தனர். தடுக்கக்கூடிய மரணங்கள் இவற்றில் ஏராளம் என்பதே வேதனைக்குரியது.

இந்நோய் பற்றிய மருத்துவ உலகின் கருத்து கடந்த சில பத்தாண்டுகளில் பெரிதும் மாறியுள்ளது. எனினும் அம்மாற்றம் எம்மவரிற் பலரை இன்னும் வந்தடையவில்லை. சட்டைப்பையிலும் கைப்பையிலும் நீல நிறப் பம்ப் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, "இது இருக்கும்வரை பயமில்லை" என்று வாழ்வோருக்காகவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

நோய் இருப்பது எங்கே?

ஆஸ்துமா என்பது ஒரு கிரேக்கச் சொல். மூச்சு வாங்குதல் என்பது அதன் பொருள். மூச்சுக்குழல் மார்பினுள் இரண்டாகப் பிரிந்து, பின்னர் மரக்கிளைகளைப் போன்று மேலும் மேலும் பிரிந்து சிறுகுழாய்களாகின்றது. அக்குழாய்களின் சுவரைச் சுற்றி மெல்லிய தசை வளையங்கள் உள்ளன. உட்புறத்தே ஈரமான மென்சவ்வு படர்ந்திருக்கின்றது.

தொய்வின்போது மூன்று காரியங்கள் நிகழ்கின்றன. முதலாவதாக, தசை வளையங்கள் இறுகிக் குழாயை நெரிக்கின்றன. இரண்டாவதாக, உட்சவ்வு வீங்கித் தடிக்கின்றது. மூன்றாவதாக, பிசுபிசுப்பான சளி மிகையாகச் சுரந்து குழாயை அடைக்கின்றது. காற்று உள்ளே செல்வதைவிட வெளியே வருவதே கடினமாகின்றது. அதனாலேயே மூச்சை வெளிவிடும்போது சீழ்க்கை போன்ற ஒலி கேட்கின்றது.

இம்மூன்றில் தசை இறுக்கமே பிரதானம் என்று நீண்ட காலம் எண்ணப்பட்டது. நரம்புத் தளர்ச்சியால் வருவது, மனக்கவலையால் வருவது என்றெல்லாம் வைத்தியர்கள் எழுதினர். ஆயினும் 1892இல் வெளியான தமது புகழ்பெற்ற மருத்துவ நூலில் வில்லியம் ஒஸ்லர், சிறு சுவாசக் குழாய்களில் ஏற்படும் ஒருவகை அழற்சி பற்றியும் குறிப்பிட்டிருந்தார். தொய்வினால் இறந்தவர்களின் நுரையீரல்களை அறுத்துப் பார்த்தவர்கள், குழாய்கள் வீங்கிச் சளியால் அடைபட்டிருப்பதைக் கண்டனர். 1980களில், நெகிழ்வான குழாய்க் கருவியினூடாக உயிருடன் உள்ள நோயாளரின் சவ்விலிருந்து சிறு துணுக்குகளை எடுத்துச் சோதிக்க முடிந்தது. இலேசான தொய்வு உடையவர்களிடத்தும், மூச்சுத் திணறல் இல்லாத நாட்களிலும், அழற்சி நிலைத்திருப்பது அப்போது உறுதியாயிற்று. இழுப்பு வந்து போகின்றது. அழற்சியோ உள்ளே கனன்றுகொண்டே இருக்கின்றது.

ஊமத்தையும் ஆடாதோடையும்

இந்நோயின் மருந்து வரலாற்றில் எமது மண்ணுக்கும் ஒரு பங்குண்டு. ஊமத்தையின் புகையை இழுத்தால் இழுப்புத் தணியும் என்பது தென்னாட்டில் அறியப்பட்டிருந்தது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமை மருத்துவராக விளங்கிய ஜேம்ஸ் அன்டர்சன் இம்முறையை ஜெனரல் ஜென்ற் என்ற படைத்தளபதிக்குக் கூறினார். அவர் மூலம் 1802ஆம் ஆண்டளவில் இது பிரித்தானியாவுக்குச் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் ஐரோப்பிய மருந்துக் கடைகளில் விற்பனையான ஆஸ்துமாச் சுருட்டுக்களுக்கு மூலம் இதுவே. ஊமத்தையில் உள்ள அத்திரோப்பீன் என்ற பொருள் குழாய்த் தசைகளைத் தளர்த்தியது. அதன் வழித்தோன்றல்களான இப்பிரத்துரோப்பியம் முதலிய மருந்துகள் இன்றும் வைத்தியசாலைகளிற் பயன்படுகின்றன. ஊமத்தையோ நஞ்சு. அதன் அளவு சற்றுப் பிசகினாலும் சித்தம் கலங்கும், உயிரும் போகும். எவரும் அதைப் பரீட்சித்துப் பார்த்தல் ஆகாது.

எமது வேலிகளில் நின்ற ஆடாதோடையின் கதையும் இத்தகையதே. அதன் இலையில் உள்ள வாசிசீன் என்ற பொருளை மாதிரியாகக் கொண்டு ஜேர்மனியில் புரோம்எக்சீன் என்ற சளி இளக்கி உருவாக்கப்பட்டு 1963இல் விற்பனைக்கு வந்தது. ஊரில் பாட்டிமார் அவித்துத் தந்த இலையின் மருந்துக்குணம் பொய்யன்று. ஆனால் அது சளியை இளக்குமேயன்றித் தொய்வின் அழற்சியை ஆற்றாது. இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் அவசியம்.

நாடிழந்தோர் தந்த அறிவு

தொய்வு ஆராய்ச்சியின் சில முக்கிய படிகளைக் கட்டியவர்கள் எம்மைப் போன்று ஊர் பெயர்ந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

வில்ஹெல்ம் பெல்ட்பேர்க் என்பவர் பேர்லினில் பணியாற்றிய யூத உடற்றொழிலியல் விஞ்ஞானி. 1933இல் நாசிகள் ஆட்சியைக் கைப்பற்றியதும் இனத்தின் பெயரால் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். இலண்டனில் ஹென்றி டேலின் ஆய்வுகூடத்தில் புகலிடம் பெற்றார்; பின்னர் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகருக்குச் சென்றார். அங்கே சார்ள்ஸ் கெலவேயுடன் இணைந்து நாகபாம்பின் விடத்தை ஆராய்ந்தார். விடம் செலுத்தப்பட்ட நுரையீரலிலிருந்து, தசையை மெதுவாகவும் நீண்ட நேரத்துக்கும் இறுகச் செய்யும் ஒரு பொருள் வெளிவருவதை இருவரும் 1938இல் அறிவித்தனர். நான்கு பத்தாண்டுகள் அப்பொருளின் இரசாயனக் கட்டமைப்பு புதிராகவே இருந்தது. 1979இல் சுவீடன் நாட்டின் பெங்ற் சாமுவெல்சன் குழுவினர் அதனை விடுவித்து லியூக்கோத்திரையீன் எனப் பெயரிட்டனர். 1982இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் சாமுவெல்சனும் ஒருவர். அப்பொருளின் செயலைத் தடுக்கும் மொன்ரெலுகாஸ்ற் என்ற மாத்திரையே இன்று பல பிள்ளைகளுக்கு இரவில் கொடுக்கப்படுகின்றது. இம்மாத்திரையால் சில பிள்ளைகளுக்குக் கெட்ட கனவுகளும் மனக்குழப்பமும் ஏற்படுவதாக 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் கடும் எச்சரிக்கை விடுத்துள்ளதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

இன்னொருவர் ரொஜர் அல்ற்றூனியன். சிரியாவின் அலெப்போ நகரில் வைத்தியசாலை நடத்திவந்த ஆர்மேனிய வைத்தியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவரே தொய்வு நோயாளி. அலெப்போவில் வைத்தியராகக் கடமையாற்றியபின் 1956இல் இங்கிலாந்தின் ஒரு மருந்து ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். கினிப்பன்றியின் உரோமம் தமக்கு ஒவ்வாது என்பதை அவர் அறிந்திருந்தார். அவ்வுரோமத்தை ஊறவைத்த நீரைத் தாமே சுவாசித்து, தமக்கு இழுப்பை வரவழைத்து, புதிய மருந்துகளைத் தம் உடலிலேயே ஆண்டுக்கணக்கிற் சோதித்தார். 1965இல் கிடைத்ததே குரோமோகிளைக்கேற்று என்ற மருந்து. போர்க்காலத்தில் விமானம் ஓட்டிய அவர், விமானத்தின் சுழலியை மனதிற்கொண்டு அத்தூளை உறிஞ்சும் கருவியையும் வடிவமைத்தார். இம்மருந்தின் இடத்தை வேறு மருந்துகள் பின்னர் பிடித்துவிட்டன. எனினும், இழுப்பு வந்தபின் தணிப்பதை விட வராமலே தடுக்கலாம் என்ற எண்ணத்துக்கு வலுவூட்டியவர் அவர்.

நீலப் பம்பின் வெற்றியும் விபரீதமும்

அளவாக மருந்து பீச்சும் கைப்பம்ப் 1956இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நோயாளருக்கு இது ஒரு விடுதலையாகவே தோன்றியது. ஆனால் 1960களில் இங்கிலாந்து உட்படச் சில நாடுகளில் தொய்வு மரணங்கள் திடீரென உயர்ந்தன. ஐசோப்பிரெனலீன் என்ற மருந்தைக் கூடிய செறிவிற் கொண்ட பம்புகளுடன் இம்மரணங்கள் தொடர்புபடுத்தப்பட்டன. எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டு அவற்றின் பாவனை குறைந்ததும் மரணங்களும் குறைந்தன. 1970களின் நடுப்பகுதியில் நியூசிலாந்திலும் இதே அவலம் நிகழ்ந்தது. அங்கு பெனொற்றரோல் என்ற மருந்தே சந்தேகத்துக்குள்ளானது.

1969இல் அறிமுகமான சல்பியூற்றமோல் இவற்றிலும் பாதுகாப்பானது. வென்ரோலின் என்று எம்மவர் அறிந்த நீலப் பம்ப் இதுவே. சில நிமிடங்களில் தசையைத் தளர்த்தி மூச்சைத் தருகின்றது. இதன் பயனை எவரும் மறுக்க இயலாது. ஆனால் அது அழற்சியைத் தொடுவதே இல்லை. கூரை ஒழுகும் வீட்டில் நிலத்து நீரை மட்டும் துடைப்பதற்கு இது ஒப்பாகும். நிலம் உலர்ந்தது என்று மகிழ்ந்திருக்கையில் கூரை இற்றுக்கொண்டே இருக்கும்.

1991இல் பின்லாந்தின் ஹாதெலா என்ற வைத்தியரும் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். புதிதாகத் தொய்வு கண்ட 103 பேரில் ஒரு பகுதியினருக்குத் தசை தளர்த்தும் மருந்தும், மறு பகுதியினருக்கு அழற்சியை ஆற்றும் புடெசொனைட் என்ற உறிஞ்சு மருந்தும் இரண்டு ஆண்டுகள் கொடுக்கப்பட்டன. இரண்டாவது பகுதியினரே தெளிவாக நலமடைந்தனர். பின்லாந்து 1994இல் இதனை நாடளாவிய திட்டமாக்கியது. பத்து ஆண்டுகளில் தொய்வுக்காக வைத்தியசாலையிற் கழிந்த நாட்கள் பாதிக்கும் மேலாகக் குறைந்தன. கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்து மருந்துப் பதிவேடுகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, உறிஞ்சு ஸ்ரெரொயிட் பம்ப் ஆண்டில் ஒன்று கூடுதலாகப் பாவிக்கப்படும்போது மரண வீதம் 21 சதவீதம் குறைவதைக் காட்டியது.

மறுபக்கத்தைப் பிரித்தானியாவின் தொய்வு மரணங்கள் பற்றிய தேசிய மீளாய்வு 2014இல் வெளிப்படுத்தியது. ஆராயப்பட்ட 195 மரணங்களில், மருந்துப் பதிவுகள் கிடைத்த 165 பேருள் 65 பேர் இறப்பதற்கு முந்திய ஆண்டில் 12க்கும் மேற்பட்ட நீலப் பம்புகளைப் பெற்றிருந்தனர். மாதத்துக்கு ஒன்றுக்கும் மேல் என்பது இதன் பொருள். எந்த வைத்திய உதவியும் நாடாமலோ, நாடிய உதவி வந்து சேருமுன்னரோ இறந்தவர்கள் ஏறத்தாழப் பாதிப்பேர். நீலப் பம்ப் விரைந்து தீர்ந்துபோவது மருந்து நன்றாக வேலை செய்வதன் அடையாளம் அன்று. அது உள்ளே நோய் முற்றுவதன் அடையாளம்.

இந்த ஆதாரங்களின் பயனாக, சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டு அமைப்பான ஜீனா 2019இல் ஒரு முக்கிய முடிவை அறிவித்தது. பெரியவர்களுக்கும் 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் நீலப் பம்பை மட்டும் தனியே கொடுத்தல் கூடாது. இலேசான தொய்வாயினும் அழற்சி மருந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பதே அது. புடெசொனைட், போர்மோற்றரோல் ஆகிய இரண்டும் ஒன்றாகக் கலந்த பம்பைத் தேவையானபோது மட்டும் பாவித்தவர்களுக்கு, நீலப் பம்ப் மட்டும் பாவித்தவர்களை விட ஏறக்குறைய அரைவாசி அளவே தொய்வுத் தாக்குதல்கள் ஏற்பட்டன என்று அதே ஆண்டு நியூசிலாந்து ஆய்வாளர் தலைமையிலான குழு காட்டியிருந்தது. பிரித்தானியாவின் தேசிய வழிகாட்டலும் 2024 நவம்பரில் இதே வழிக்கு வந்தது. இவ்வாறிருக்க, பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய சீட்டையே புதுப்பித்து நீலப் பம்ப் வாங்கிக்கொண்டிருப்பவர்கள் தமது வைத்தியரிடம் மீளாய்வு கேட்பது கட்டாயமாகும்.

ஸ்ரெரொயிட் என்ற அச்சம்

"ஸ்ரெரொயிட் மருந்தாம், பிள்ளைக்கு வேண்டாம்" என்று கபில நிறப் பம்பை அலுமாரியில் பூட்டிவைக்கும் தாய்மார் உண்டு. அவர்கள் அச்சத்தில் நியாயமும் உண்டு. நீண்டகாலம் ஸ்ரெரொயிட் மாத்திரை விழுங்கியோருக்கு எலும்பு தேய்தல், சீனி வருத்தம், முகம் ஊதுதல் முதலியன ஏற்படுவது உண்மையே. ஆனால் அளவைப் பார்க்க வேண்டும்.

கடுமையான தொய்வுத் தாக்குதலுக்காகப் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் பிரெட்னிசொலோன் வீதம் ஐந்து நாட்கள் கொடுத்தால், அது 200 மில்லிகிராம். நாளொன்றுக்கு 400 மைக்கிரோகிராம் புடெசொனைட்டை ஆண்டு முழுவதும் உறிஞ்சினாலும் மொத்தம் 146 மில்லிகிராம் மட்டுமே. இரண்டு மருந்துகளின் வலிமையும் ஒன்றல்ல. ஆகவே நிறையை மட்டும் வைத்து முற்றாக ஒப்பிட முடியாது. எனினும் மாத்திரை முழு உடலிலும் பரவுகின்றது. உறிஞ்சும் மருந்து வேண்டிய இடத்திலேயே பெரும்பாலும் செயற்படுகின்றது. விழுங்கப்படும் பகுதியின் பெரும்பங்கை ஈரல் அழித்துவிடுகின்றது. சிறு அளவைத் தினமும் எடுக்க மறுப்பவர்களே, தாக்குதல் வந்து பெரிய அளவை மாத்திரையாக விழுங்க நேரிடுகின்றது. பிள்ளைகளின் வளர்ச்சியில் சிறிதளவு தாமதம், ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர், காணப்படலாம். அதனாலேயே வைத்தியர்கள் நோயை அடக்கும் மிகக் குறைந்த அளவைத் தேர்ந்து, பிள்ளையின் உயரத்தையும் அளந்து வருகின்றனர்.

மருந்து எடுத்தபின் வாயை நீரால் கொப்பளித்துத் துப்பினால் வாயில் வெண்படலம் பிடிப்பதையும் குரல் கம்முவதையும் பெரிதும் தவிர்க்கலாம். பீச்சும் பம்பை நேரே வாயில் அடித்தால் மருந்தின் பெரும்பகுதி தொண்டையிலே தங்கிவிடும். இடையே ஒரு பிளாஸ்ரிக் குடுவையைப் பொருத்திப் பாவித்தல் சிறுவருக்கு மட்டுமன்றிப் பெரியவர்களுக்கும் நன்று.

சளி சொல்லும் செய்தி

தொய்வு என்பது ஒரே நோயன்று; பல நோய்களுக்கு இட்ட ஒரு பெயர் என்பதே அண்மைக்கால ஆராய்ச்சியின் சாரம். கனடாவின் ஹமில்ரன் நகரில் பிரெடி ஹார்கிரீவ் என்ற வைத்தியர் நோயாளரின் சளியை முறையாகச் சோதிக்கும் வழியை வளர்த்தெடுத்தார். இயோசின் என்ற செந்நிறச் சாயத்தை ஏற்பதால் இயோசினோபில் எனப்படும் வெண்குருதிக் கலங்கள் சிலரது சளியில் மிகுந்திருந்தன. வேறு சிலரிடம் இல்லை. முன்னையோருக்கு ஸ்ரெரொயிட் நன்கு பயன் தந்தது. 2002இல் இங்கிலாந்தின் லெஸ்ரர் நகர ஆய்வாளர்கள் 74 நோயாளரை இரு பிரிவாக்கினர். சளியின் கலங்களைப் பார்த்து மருந்து கொடுக்கப்பட்ட பிரிவில் 35 கடும் தாக்குதல்களும், வழமையான முறையில் கவனிக்கப்பட்ட பிரிவில் 109 தாக்குதல்களும் நேர்ந்தன.

இயோசினோபில்களை வளர்க்கும் இன்ரலூக்கின் 5 என்ற பொருளைத் தடுக்கும் மெப்பொலிசுமாப் என்ற ஊசி மருந்து ஆரம்பத்தில் தோல்வியெனக் கருதப்பட்டது. நோயாளரைப் பிரித்தறியாமல் கொடுத்ததே காரணம். 2009இல் லெஸ்ரரிலும் ஹமில்ரனிலும் இயோசினோபில் மிகுந்தவர்களுக்கு மட்டும் கொடுத்தபோது தாக்குதல்கள் குறைந்தன. 2015இல் அது பாவனைக்கு அனுமதிக்கப்பட்டது. அதே வகையைச் சேர்ந்த பென்றலிசுமாப் பற்றிய ஆய்வு ஒன்று 2024இல் பிரித்தானியாவிலிருந்து வெளியானது. தாக்குதல் நேரத்தில் 158 பேரிடம் நடத்தப்பட்ட அச்சோதனையில், மாத்திரை மட்டும் பெற்றோரில் 74 சதவீதத்தினருக்கு 90 நாட்களுக்குள் சிகிச்சை பலனளிக்கத் தவறியது. ஊசி பெற்றோரில் அது 45 சதவீதமாக இருந்தது. இவை விலையுயர்ந்தவை, கடும் தொய்வு உடையவர்களுக்கு மட்டும் விசேட நிலையங்களிற் கொடுக்கப்படுபவை. ஆண்டுக்குப் பலமுறை ஸ்ரெரொயிட் மாத்திரை எடுக்க நேரிடுவோர், விசேட வைத்தியரிடம் அனுப்புமாறு கேட்கத் தயங்கலாகாது.

எட்டு வாரம் கடந்த இருமல்

பெரியவர் ஒருவருக்கு எட்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலை மருத்துவம் நாட்பட்ட இருமல் என்கின்றது. இழுப்பு ஒலியே இன்றி இருமலாக மட்டும் வெளிப்படும் தொய்வு ஒருவகை. ஊதிப் பார்க்கும் சோதனைகள் யாவும் சரியாயிருக்க, சளியில் மட்டும் இயோசினோபில் மிகுந்திருக்கும் இன்னொரு நிலையை 1989இல் ஹமில்ரன் ஆய்வாளர்கள் விபரித்தனர். இவ்விரண்டும் உறிஞ்சு ஸ்ரெரொயிட்டுக்கு இசைபவை. வெளிவிடும் மூச்சிலுள்ள நைத்திரிக் ஒட்சைட்டு தொய்வு நோயாளரிடம் மிகுந்திருப்பதை 1993இல் சுவீடன் ஆய்வாளர்கள் கண்டனர். அதனை அளக்கும் சிறு கருவிகள் இப்போது பல சிகிச்சை நிலையங்களில் உள்ளன.

வேறு காரணங்களும் உண்டு. மூக்கிலிருந்து தொண்டைக்கு நீர் வடிதல், இரைப்பை அமிலம் மேலெழுதல், புகைத்தல் ஆகியன பொதுவானவை. இரத்த அழுத்தத்துக்கு ரமிப்பிரில், எனலபிரில் போன்ற மாத்திரைகள் எடுப்போருக்கு அம்மாத்திரையே வறட்டு இருமலைத் தரலாம். வைத்தியர் அதை மாற்றிக் கொடுத்தால், சில வாரங்களில் இருமல் நின்றுவிடும். தாமாக நிறுத்துதல் தவறு.

சயரோகத்தையும் மறத்தலாகாது. மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, உடல் மெலிவு, சளியில் இரத்தம் ஆகியன இருமலுடன் சேர்ந்தால் எட்டு வாரம் காத்திருக்கக் கூடாது. சயரோகம் குணப்படுத்தக்கூடியது, வழமையான சிகிச்சை ஆறு மாதங்கள். இந்நோய் வெளியே தெரிந்தால் அகதி விண்ணப்பம் பாதிக்கப்படும் என்று மறைப்போர் உண்டு. பிரித்தானியாவில் எவ்வகை வதிவிட நிலையில் உள்ளவருக்கும் சயரோகச் சிகிச்சை இலவசம். மறைத்தால் முதலில் பாதிக்கப்படுவது ஒரே அறையில் உறங்கும் பிள்ளைகளே.

வேலைத்தலமும் வீடும்

எம்மவரிற் பெரும்பாலோர் புலம்பெயர்ந்தவுடன் செய்த வேலைகள் எவை? உணவகச் சமையலறை, வெதுப்பகம், துப்புரவுப் பணி, வாகனங்களுக்கு நிறம் பூசும் தொழில். தொழில்வழித் தொய்வின் பட்டியலிலும் இவையே முன்னிற்கின்றன. மாத்தூசி, நிறப்பூச்சிலுள்ள ஐசோசயனேற்று, துப்புரவுத் தெளிப்பான்கள் என்பன காரணிகள். மா அரைப்போரும் பாண் சுடுவோரும் மூச்சுத் திணறலால் வருந்துவதை இத்தாலிய வைத்தியர் ராமசினி 1700ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். ஒரு கேள்வி இங்கே உதவும்: விடுமுறை நாட்களில் மூச்சு இலேசாகின்றதா? ஆம் எனில், வேலை பற்றி வைத்தியரிடம் சொல்லியே ஆகவேண்டும். காரணியிலிருந்து விரைவில் விலகினால் குணமடையும் வாய்ப்பு அதிகம். காலம் தாழ்த்தினால் வேலையை விட்டபின்னும் நோய் விடாது. வெளிறலாக்கும் திரவத்தை அமிலத் திரவத்துடன் ஒருபோதும் கலக்கக் கூடாது. அதிலிருந்து எழும் குளோரின் வாயு நுரையீரலைப் பொசுக்கவல்லது.

வீட்டிலோ ஈரமும் பூஞ்சணமும் பகைவர்கள். 2020 டிசெம்பரில் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில், சூடானிலிருந்து வந்த பெற்றோரின் இரண்டு வயது மகன் அவாப் இஷாக் மரணமானான். பூஞ்சணம் பற்றித் தந்தை முறையிட்டும் அக்குடியிருப்பு திருத்தப்படவில்லை. நீண்டகாலம் பூஞ்சணத்தைச் சுவாசித்தமையால் ஏற்பட்ட கடும் சுவாச நோயே காரணம் என 2022 நவம்பரில் மரண விசாரணை தீர்ப்பளித்தது. அக்குழந்தையின் பெயரால் அவாப் சட்டம் இயற்றப்பட்டு, இங்கிலாந்தின் சமூகக் குடியிருப்புகளில் 2025 ஒக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்தது. உயிராபத்தான குறைகளை 24 மணி நேரத்துக்குள்ளும், ஏனைய பாரதூரமான ஈரம், பூஞ்சணம் பற்றிய முறைப்பாடுகளைப் பத்து வேலை நாட்களுக்குள்ளும் வீட்டு நிர்வாகம் ஆராய்ந்தாக வேண்டும். முறைப்பாட்டை எழுத்திற் கொடுத்து, படமும் எடுத்துவைத்துக்கொள்வது நன்று.

எம்மால் செய்யக்கூடியனவும் உள. சமைக்கும்போது யன்னலைத் திறத்தல். மிளகாய் தாளிக்கும் புகையை வெளியேற்றும் விசிறியை இயக்குதல். தொய்வுள்ளவர் இருக்கும் அறையில் சாம்பிராணியும் ஊதுபத்தியும் தவிர்த்தல். துவைத்த உடைகளைப் படுக்கையறையில் உலர்த்தாதிருத்தல். எல்லாவற்றிலும் முதலாவது, வீட்டினுள் எவரும் புகைக்காதிருத்தல்.

நாவினால் தடைப்படும் மூச்சு

மொழியும் இந்நோயை வளர்க்கின்றது. "முட்டுது", "நெஞ்சடைக்குது", "தொய்யுது" என்ற சொற்களுக்கு நேரான சொல்லைப் பத்து வயதுப் பிள்ளை வைத்தியருக்குச் சொல்ல வேண்டியிருக்கின்றது. நெஞ்சடைப்பு என்பது மாரடைப்பாக மொழிபெயர்க்கப்படலாம். இரவில் எத்தனை முறை விழித்தீர்கள் என்ற கேள்வி தாயின் காதுக்கு எட்டாமலே போகலாம். பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். அரச உதவியில் வாழும் தஞ்சக் கோரிக்கையாளருக்கு அங்கு மருந்துச் சீட்டுக்கும் கட்டணமில்லை. ஜேர்மனியில் தஞ்சம் கோரியோரின் கடும் நோய்க்கும் வலிக்கும் சிகிச்சை அளிக்கச் சட்டம் இடமளிக்கின்றது. கேட்டால் கிடைப்பதைக் கேளாமல் இழத்தல் எதற்கு?

வைத்தியரைக் காணச் செல்லும்போது நான்கு விடயங்களை எழுதிக்கொண்டு போங்கள். வாரத்தில் எத்தனை இரவுகள் இருமலால் விழிப்பு ஏற்பட்டது? நீலப் பம்ப் எத்தனை முறை தேவைப்பட்டது? எந்த வேலை, எந்த மணம், எந்தக் காலநிலை இழுப்பைத் தூண்டியது? என்ன மாத்திரைகள் எடுக்கின்றீர்கள்? தாக்குதல் வந்தால் என்ன செய்வது என்ற திட்டத்தை எழுத்தில் தருமாறும் கேளுங்கள்.

ஒரு வசனத்தை முழுமையாகப் பேசி முடிக்க இயலாமை, உதடு நீலம் பாய்தல், பம்ப் அடித்தும் தணியாமை, பிள்ளையின் விலா எலும்பிடை உள்ளே இழுபடுதல் ஆகியன அபாய அறிகுறிகள். அப்போது நோயாளியைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி இருத்தி, நீலப் பம்பை 30 முதல் 60 விநாடிக்கு ஒருமுறையாகப் பத்து முறை வரை கொடுக்கலாம். கலவைப் பம்ப் பாவிப்போர் தமது திட்டத்தில் எழுதியபடி செய்ய வேண்டும். காத்திராமல் அம்புலன்சை அழையுங்கள். பிரித்தானியாவில் 999, ஐரோப்பிய நாடுகளில் 112, கனடாவில் 911. மொழி தெரியாவிடினும் "ஆஸ்துமா" என்ற ஒரு சொல்லையும் முகவரியையும் சொன்னாற் போதும். அந்தச் சொல் எல்லா நாட்டிலும் ஏறத்தாழ ஒன்றே.

ஊரில் இருந்தபோது இழுப்பு வந்தவரைத் திண்ணையில் இருத்தி முதுகைத் தடவிவிட நாலு பேர் இருந்தனர். இங்கே பூட்டிய கதவுகளின் பின்னே தனியறைகளில் எமது இளைஞர்களும் முதியவர்களும் இருமிக்கொண்டிருக்கின்றனர். பக்கத்து அறையிலிருந்து இரவில் இருமல் கேட்டால், காலையில் கதவைத் தட்டி, எத்தனை வாரமாக என்று விசாரியுங்கள். எட்டு வாரம் என்றால், அவருடன் கூடவே வைத்தியரிடம் செல்லுங்கள்.